மூன்றாக மடித்த காகிதம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மறதி வேறு. போன வாரம் இந்தப் பத்திரிகையில், பள்ளிக்கூட வாசலில் புளியமரம் என்று எழுதிவிட்டேன். அடுத்த வீட்டு லில்லி படித்துவிட்டு, "இன்னா கன்னிம்மா, அது வேப்பமரமாச்சே! தெனமும் அது நெழல்லதானே டீக்கடை போட்டுக்கினு கீற?" என்று சிரித்தாள்.

ஆமாம், வேப்பமரம்தான். தினமும் என் தலையில் பூ கொட்டுகிற மரத்தையே மாற்றி எழுதுகிற ஆள் நான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

டீயோடு போனேன்

காலை பதினோரு மணி இருக்கும். ஒரு கையில் டீ கேன், இன்னொரு கையில் பேப்பர் கப் அடுக்கு. பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்பறைக் கதவை இடுப்பால் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

நாற்பது டீச்சர்கள் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். வழக்கமாக அவர்கள் கேனைத்தான் பார்ப்பார்கள். அன்றைக்கு என்னைப் பார்த்தார்கள். முந்தானை எங்காவது விலகிவிட்டதோ என்று எனக்கு உதறல்.

கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்ற ரெஜினா டீச்சர் என்னைக் கைநீட்டிக் காட்டினார்.

"இதோ! நான் கேட்ட பிள்ளை வந்துடுச்சு."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினேன். என் தலை அப்படி. நான் யோசிப்பதற்குள் அது ஆடி முடித்துவிடும். இந்த வாரக் கதையே அந்தத் தலையால் வந்ததுதான்.

கருத்தாளருக்கு ரெண்டு டீ

அங்கே என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் அவ்வப்போது சுற்று வட்டாரத்து டீச்சர்களுக்கெல்லாம் பயிற்சி நடக்கும். பாடம் நடத்துகிறவர்களுக்கே பாடம். நடத்த வருகிறவர்கள் அனுபவப்பட்ட டீச்சர்கள். அவர்களைக் கருத்தாளர் என்பார்கள்.

"கருத்தாளருக்கு ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை இல்லாம" என்று தலைமையாசிரியர் சொல்லும்போது, அது யாரோ ஒரு பெரிய மனிதரின் பெயர் என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் வருகிறாரே என்று யாரையும் கேட்கவில்லை. கேட்பதற்குக் கூச்சம்.

டீச்சர்கள் மாணவர்களாக உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று டீ கொடுக்கிற எனக்குத்தான் தெரியும். கடைசி பெஞ்சுக்கு அடித்துக்கொள்வார்கள். மேசைக்குக் கீழே போன் பார்ப்பார்கள். டீ குடிக்கப் போனால் கூப்பிடக் கூப்பிட உள்ளே வரமாட்டார்கள். சாயங்காலம் ஸ்கெட்ச் பேனா டப்பாவில் பாதி இருக்காது.

அந்த மூன்று நாள் பயிற்சிக்கு வந்த கருத்தாளர் இரண்டு பேர். ஒருவர் ஞானசேகர் சார். எல்லாரையும் எழுப்பி மழைக் கைதட்டு தட்டச் சொல்வார். ஒரு விரல், இரண்டு விரல் என்று ஆரம்பித்து முழுக் கையும் தட்டினால் மழை மாதிரியே சத்தம் வரும். நான் முதல் தடவை கேட்டபோது வெளியே காயப்போட்ட துணியை எடுக்க ஓடினேன்.

இன்னொருவர் ரெஜினா டீச்சர். ஓய்வுக்குக் கொஞ்ச காலம்தான் இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். அதிகம் பேசமாட்டார். பார்ப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் பெரிய பெரிய டீச்சர்களே போனை உள்ளே வைத்துவிடுவார்கள்.

முதல் நாள் ஒவ்வொரு டீச்சராக எழுந்து மாதிரி வகுப்பு எடுத்தார்கள். மற்றவர்கள் பிள்ளைகளாக நடித்தார்கள். எதைக் கேட்டாலும் பதில் சரியாக வந்தது. இரண்டாம் நாள் காலையில் ரெஜினா டீச்சர் சொல்லியிருக்கிறார்: "நீங்க எல்லாரும் விடை தெரிஞ்ச பிள்ளைங்க. உங்களுக்குப் பாடம் நடத்தி என்ன பிரயோஜனம்? எனக்கு விடை தெரியாத பிள்ளை ஒண்ணு வேணும்."

அந்த நேரம் பார்த்துத்தான் நான் கதவை இடுப்பால் தள்ளினேன்.

புரிஞ்சுதாம்மா?

என்னை முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு. ஏதோ கம்பெனி வாங்கிக் கொடுத்தது, நீலப் பெயின்ட் அடித்தது. முழங்கால் மோவாயில் இடித்தது. டீ ஆறுகிறதே என்று எனக்குக் கவலை.

பாடம் நடத்த வந்தது சுந்தரி டீச்சர். சின்னப் பெண். தென்காசிப் பக்கம். வேலை கிடைத்து இங்கே வந்து, சிங்கப்பெருமாள் கோவில் என்கிற ஊரில் ரூம் எடுத்துத் தங்கி, ஷேர் ஆட்டோவில் வந்து போகிறவர்.  

பலகையில் ஒரு வட்டம் போட்டார். மூன்றாகப் பிரித்தார். இன்னொரு வட்டம் போட்டு நான்காகப் பிரித்தார். கீழே என்னமோ ஒன்றின் காலடியில் கோடு, கோட்டுக்குக் கீழே மூன்று. அப்புறம் ஒன்று, கோடு, நான்கு.

"மூணில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்கு. எது பெருசு?"

பின்னால் நாற்பது பேரும், "மூணில் ஒரு பங்கு!" என்று கூவினார்கள்.

எனக்கு மூன்றைவிட நான்கு பெரியது என்றுதான் தெரியும். அதைக்கூட இத்தனை பேர் மாற்றிச் சொல்கிறார்களே, படித்தவர்கள் சொன்னால் ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் பாடம் எங்கள் வகுப்பில் நடந்த வாரம் நான் நாற்று பிடுங்கப் போயிருந்தேன். அந்த நிலத்தில் இப்போது கம்பெனிக் கார்கள் வரிசையாக நிற்கின்றன. பாடம் மட்டும் எனக்கு வந்து சேரவே இல்லை.

சுந்தரி டீச்சர் என் பக்கம் குனிந்தார். "புரிஞ்சுதாம்மா?"

ஆட்டினேன்.

"ஆகா!" என்று ஞானசேகர் சார் எழுந்தார். எனக்காக மழைக் கைதட்டு. நாற்பது பேர் கை. சுந்தரி டீச்சர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் ஒரு மாதிரி பெருமையாகத்தான் இருந்தது. புரியாததற்குக் கைதட்டு வாங்கியவள் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ரெஜினா டீச்சர் மட்டும் தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேனை எடுத்துக்கொண்டு டீ ஊற்றப் போய்விட்டேன்.

தலையின் பழைய குற்றங்கள்

கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்திருந்தார்கள். நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பார்த்தது நாலு கால். "புடிச்சிருக்கா?" என்று அத்தை கேட்டாள். தலை ஆடியது. எந்தக் காலுக்கு ஆடியது என்று கல்யாணத்தன்றுதான் தெரிந்தது. நான் நினைத்த கால் பந்தலில் பந்தி பரிமாறிக்கொண்டு போனது. நல்லவேளை, வந்து உட்கார்ந்தவர் தங்கமான மனிதர்.

டாக்டரிடமும் அப்படித்தான். மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்வார். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து லில்லியைக் கேட்பேன். அவள், "அவுரு உன்கிட்ட சொன்னது எனக்கு எப்டிம்மா தெரியும்?" என்பாள்.

ஒரு நாள் கையில் பையோடு ஒருவர் கடைக்கு முன்னால் ஓடி வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. புதிதாகக் கம்பெனியில் வேலைக்குச் சேர வந்தவர். பஸ் புறப்படுகிற நேரம்.

"ஆச்சி, இந்த பஸ்ஸு வல்லம் வடகால் போவுமா?"

எனக்குத் தெரியாது. ஆட்டினேன். அவர் தாவி ஏறிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அதே ஆள் நெற்றி நிறைய விபூதியோடு வந்து நின்றார். "ஏன் ஆச்சி, தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா? வல்லக்கோட்டை முருகன் கோயில்ல கொண்டு எறக்கிட்டான். மொத நாளே ஷிஃப்ட்டுக்கு லேட்டு, சூப்பர்வைசர் வாயிலேருந்து என்னென்ன வந்துச்சுன்னு கேக்கியளா?"

கேட்கவில்லை. ஒரு டீ கொடுத்தேன். "முருகனைப் பாத்தீங்கல்ல, நல்லதுதான்" என்றேன். அதையாவது சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வேப்பமரத்தடியில்

பயிற்சியின் இரண்டாம் நாளுக்கு வருகிறேன். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு சுந்தரி டீச்சர் கடைக்கு வந்தார். ஷேர் ஆட்டோ வரும்வரை ஒரு டீ. குடிக்காமல் கப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அம்மா, ஒங்களுக்கு எப்படி நன்றி சொல்லன்னே தெரியலம்மா."

"எனக்கு எதுக்கு டீச்சர்?"

அப்போதுதான் சொன்னார். கொஞ்ச நாள் முன்னால் அவருடைய வகுப்பைப் பார்க்க ஒரு அதிகாரி வந்திருக்கிறார். பிள்ளைகளிடம் இதே கணக்கைக் கேட்டிருக்கிறார். ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை. பாடமே நடத்தவில்லையா என்று விளக்கம் கேட்டு மெமோ வந்துவிட்டது. பதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வைத்திருக்கிறார்.

"நான் நடத்துனேம்மா. சத்தியமா நடத்துனேன். புரிஞ்சுதான்னு ஒவ்வொரு நாளும் கேட்டேன். எல்லாப் பிள்ளைகளும் புரிஞ்சுதுன்னுதான் சொல்லுச்சு. அவுக வந்து கேட்டா ஊமையா நிக்கி. நான் என்ன செய்ய?"

துடைத்த பலகையையே மறுபடி துடைத்தேன்.

"நாளைக்கு அதே சார்தான் பயிற்சியைப் பாக்க வாராவ. அவுக முன்னாடி இதே பாடத்தை நான் எடுக்கணும்னு ரெஜினா மேடம் சொல்லிட்டாவ. நேத்து ராத்திரியெல்லாம் பயந்துக்கிட்டே இருந்தேன். இப்ப பயமில்ல. ஒங்களுக்கே புரிஞ்சுட்டுல்லா? அவுக ஒங்களைக் கேட்டா நீங்க சொல்லிருவீங்கல்லா?"

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. வாய்வரைக்கும் வந்தது.

ஆட்டினேன்.

ஆட்டோவில் ஏறிக் கையை ஆட்டிக்கொண்டே போனார். நான் மரத்தடியில் நின்றேன். அந்தப் பெண்ணின் வேலை போய்விடுமோ, அவருக்குக் கெட்ட பெயர் நிலைத்துவிடுமோ, எல்லாம் என் கழுத்துக்கு மேலே இருக்கிற இந்தக் குடுவையால்.

சரி, கற்றுக்கொண்டுவிடலாம் என்று ஒரு வீம்பு வந்தது. ஹாஸ்டலில் தங்கியிருக்கிற இரண்டு கம்பெனிப் பெண்கள் இட்லி வாங்க வந்தார்கள். கேட்டேன். நான் சட்னியைப் பொட்டலம் கட்டுவதற்குள் அவர்கள் கடகடவென்று சொல்லி முடித்தார்கள். ஷிஃப்ட் பஸ் ஹாரன் அடித்தது.

"அவ்ளோதான் ஆச்சி. புரிஞ்சுதா?"

ஏன் கேட்கிறீர்கள்.

ஜில்லென்று ஒரு காய்ச்சல்

மூன்றாம் நாள் காலை எனக்குக் காய்ச்சல் வந்தது. வந்தது என்றால், வரவழைத்தேன். டீ கேனை லில்லியிடம் கொடுத்து, "ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு" என்று அனுப்பிவிட்டு, கடைக்குப் பின்னால் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. ரெஜினா டீச்சர் வந்து நின்றார். என் நெற்றியில் கையை வைத்தார்.

"ஜில்லுன்னு இருக்கே கன்னியம்மா."

போர்வை நழுவியது. அழுகை வந்துவிட்டது. "எனக்கு ஒண்ணுமே புரியல டீச்சர். சும்மாதான் தலைய ஆட்னேன்."

"அது எனக்கு நேத்தே தெரியும். முப்பது வருஷமா அந்தத் தலையைத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன். வருஷத்துக்கு நாப்பது தலை."

"அப்போ நேத்தே சொல்றதுதானே?"

"நான் சொன்னா சுந்தரி அழுவா. நீங்க சொன்னா பதில் சொல்லுவா."

"அந்த ஆபீசர் முன்னாலயா? அவங்களுக்குக் கெட்ட பேராச்சே?"

"அவர் எப்படியும் உங்களைக் கேள்வி கேப்பார். அப்போ நீங்க ஊமையா நின்னா, அவ வகுப்புல நடந்ததேதான் இங்கயும். மெமோவுல எழுதினது உண்மைன்னு ஆயிடும். அவர் கேக்குறதுக்கு முன்னாலயே புரியலைன்னு சொல்லிட்டா அவளுக்கு ஒரு வழி கிடைக்கும். வருவீங்கல்ல?"

ஆட்டினேன்.

"தலையெல்லாம் வேணாம். வாயால சொல்லுங்க."

"வரேன்" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்கு மூச்சு வாங்கியது.

கன்டெய்னர் லாரி

அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு. முதலில், பயிற்சி ஏன் தாமதமாக ஆரம்பித்தது என்று ஞானசேகர் சாரைக் கேட்டார். அன்றைக்கு மழைக் கைதட்டு கிடையாது.

சுந்தரி டீச்சர் நேற்று மாதிரியே வட்டம் போட்டார். மூன்றாகப் பிரித்தார், நான்காகப் பிரித்தார். நேற்றைவிட அழகாகவே பேசினார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. இடது கையால் மோவாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். பார்க்கிறவர்களுக்குப் பல்வலி என்று தோன்றியிருக்கும். தலை ஆடிவிடக்கூடாதே என்றுதான் அந்தப் பிடி.

"புரிஞ்சுதாம்மா?"

கண்ணை மூடிக்கொண்டு, "புரியல" என்றேன்.

எங்கள் பள்ளிக்கூடம் ரோட்டை ஒட்டினது. கன்டெய்னர் லாரி போனால் ஜன்னல் கம்பி அதிரும். லாரி போய் முடிகிறவரை டீச்சர்கள் பேச்சைப் பாதியில் நிறுத்தி, போன பிறகு அதே சொல்லிலிருந்து தொடருவார்கள். பிள்ளைகளும் வாயைத் திறந்தபடி காத்திருக்கும். எங்களுக்கு அது பழகிப்போன விஷயம்.

நான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பலர் முன்னால் புரியவில்லை என்று சொன்ன நேரத்தில், அப்படி ஒரு லாரி போனது.

யாருக்கும் கேட்கவில்லை. சுந்தரி டீச்சர் சிரித்த முகத்தோடு, சரி என்று அடுத்ததற்குத் திரும்பினார். லாரி போய்க்கொண்டே இருந்தது. விட்டால் போச்சு என்று எனக்குத் தெரியும். எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"புரியல டீச்சர்!"

அதே நொடியில் லாரி போய்விட்டது. அமைதியான வகுப்பில் என் குரல் மட்டும் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அதிகாரியின் பேனா கீழே விழுந்தது.

சுந்தரி டீச்சர் முகம் வெளுத்துப்போனது. "நேத்து... நேத்து புரிஞ்சுதுன்னீங்களே?"

"பொய்யி."

"எது புரியலம்மா?"

"மொதல்லேர்ந்தே."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரெஜினா டீச்சர் திரும்பிப் பார்த்ததும் நின்றது.

சுந்தரி டீச்சர் அழுதுவிடுவார் என்றுதான் நினைத்தேன். சாக்பீஸை வைத்தார். வந்து என் பக்கத்தில், அந்தக் குட்டி நீலப் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சரி. நீங்க எதைப் பெருசுன்னு நெனைக்கீங்க? சும்மா சொல்லுங்க."

"நாலு. மூணவிட நாலு பெருசுதானே டீச்சர்? கூட்டத்துல எல்லாரும் மாத்திச் சொன்னாங்க, நான் இன்னான்னு சொல்றது?"

அவர் எழுந்து போய், மேசையில் கிடந்த சார்ட் பேப்பரில் இரண்டு பட்டை வெட்டினார், ஒரே அளவில். ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. "மஞ்சளை மூணு பங்கா மடிங்க. பச்சையை நாலு பங்கா."

வால் துண்டு

நான்காக மடிப்பது சுலபம். பாதி, அதில் பாதி. பச்சை ஒழுங்காக வந்தது. மூன்றாக மடித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பெரிய மடிப்பு, ஒரு நடுத்தர மடிப்பு, மிச்சம் இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு. அந்தக் கடைசித் துண்டையும் பச்சைத் துண்டையும் பக்கத்தில் வைத்தேன்.

"பாத்தீங்களா டீச்சர்? நாலில் ஒண்ணுதான் பெருசு."

இந்தத் தடவை அதிகாரியே சிரித்துவிட்டார். நான் உண்மையாகத்தான் சொன்னேன். கண்ணுக்கு எதிரே இருக்கிறதே.

"அம்மா, மூணு துண்டும் ஒரே அளவா இருக்கா?"

"இல்ல."

"இருக்க வேண்டாமா?"

"எதுக்கு? மூணு பங்கு கேட்டீங்க, போட்டுட்டேன்."

"பங்குன்னா சமமாத்தானேம்மா இருக்கணும்?"

"எங்க வூட்ல அப்டி இல்லியே டீச்சர்."

வகுப்பு அதிர்ந்தது. நான் சிரிப்புக் காட்டச் சொல்லவில்லை. நான் பிறந்த வீட்டில் மீன் வறுத்தால் நான்கு பங்கு. நடுத்துண்டு அப்பாவுக்கு. அடுத்தது அண்ணனுக்கு. தலை தம்பிக்கு, அவன் அடம் பிடிப்பான். வால் எனக்கு. நான்கு பேருக்கு நான்கு பங்கு, யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. பங்கு என்றால் எனக்கு அதுதான். ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று அத்தனை வயதுக்கு என்னிடம் யாரும் சொன்னதில்லை.

இதை நான் அவ்வளவு விளக்கமாகச் சொல்லவில்லை. "எனக்கு வால்தான் வரும்" என்று மட்டும் சொன்னேன். சிரிப்பு மெதுவாக அடங்கியது. பின்னால் இருந்த இரண்டொரு டீச்சர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் வீட்டிலும் மீன் வறுப்பார்கள் போல.

சுந்தரி டீச்சர் என் மஞ்சள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, நேராகக் கடைசி பெஞ்சைப் பார்த்துப் பேசினார். 

"சார், எம் பிள்ளைங்களும் இப்படித்தான் நெனச்சிருக்கும். சமமாப் பிரிக்கணும்னு நான் ஒரு நாளும் சொல்லல சார். எனக்குத் தெரிஞ்சதுனால சொல்லணும்னே தோணல. புரிஞ்சுதான்னு மட்டும்தான் கேட்டேன். எது பெருசுன்னு நெனைக்கேன்னு ஒரு பிள்ளையையும் கேட்டதில்ல."

அதிகாரி எழுந்து முன்னால் வந்தார்.  சுந்தரி டீச்சர் ஒரு புது மஞ்சள் பட்டையை எடுத்து, இழுத்து இழுத்துச் சரிசெய்து, ஒரே அளவில் மூன்றாக மடிக்க எனக்குக் காட்டினார். நாலு காகிதம் வீணான பிறகு வந்தது. பச்சைக்குப் பக்கத்தில் வைத்தால், மஞ்சள் நீட்டிக்கொண்டு நின்றது.

"இப்போ நான் கேக்கறேன்மா," என்றார் அதிகாரி. "மூணில் ஒரு பங்கு, அஞ்சில் ஒரு பங்கு. எது பெருசு?"

காகிதம் தரமாட்டாரா என்று பார்த்தேன். தரவில்லை. யோசித்தேன்.  சுந்தரி டீச்சர் சாக்பீஸை இரண்டாக ஒடித்துவிட்டார்.

"மூணில் ஒண்ணுதான் சார் பெருசு."

"ஏன்?"

"அஞ்சு பேர் உக்காந்தா எனக்குக் கம்மியாத்தானே வரும்? அதுவும் சமமாப் போட்டா."

"சரி. இப்போ புரிஞ்சுதா?"

ஆட்டிவிட்டேன். பின்னாலிருந்து நாற்பது பேரும் ஒரே குரலில், "தலையை ஆட்டாதீங்க!" என்று கத்தினார்கள்.

"புரிஞ்சுது சார்" என்றேன், வாயால்.

அவர் சுந்தரி டீச்சர் பக்கம் திரும்பினார். பாராட்டெல்லாம் இல்லை. "மெமோவுக்கு இன்னும் பதில் கொடுக்கல நீங்க. இன்னிக்கு நடந்ததை அப்படியே எழுதிக் கொடுங்க. அது போதும்" என்றார். அப்புறம் என்னிடம், "டீ இருக்கா?" என்று கேட்டார்.

லில்லி கொண்டுவந்த டீ எப்போதோ ஆறிப்போயிருந்தது. அவர் அதையே குடித்தார்.

கடைசியாக

சுந்தரி டீச்சர் அந்த விளக்கத்தை என் கடையில் உட்கார்ந்துதான் எழுதினார். என் பெயரையும் எழுதினார். அரசாங்கக் காகிதத்தில் என் பெயர் ரேஷன் கார்டுக்கு அப்புறம் அதில்தான். அத்தோடு அந்த மெமோ விஷயம் முடிந்தது என்று பிறகு வந்து சொன்னார். அவர் வகுப்பில் இப்போது "புரிஞ்சுதா" என்று கேட்பதே இல்லையாம். "எங்க, நீ என்ன நெனைக்க?" என்று கேட்கிறாராம். பிள்ளைகள் என்னென்னமோ சொல்கின்றனவாம், சமாளிக்க முடியவில்லையாம்.

எனக்கு அந்த ஒரு கணக்குதான் வந்தது. பங்குகளைக் கூட்டச் சொன்னால் இன்றைக்கும் காய்ச்சல் வந்துவிடும், ஜில்லென்று.

நேற்று இந்தப் பத்திரிகையிலிருந்து போன் வந்தது. "அம்மா, எழுதி அனுப்பினதெல்லாம் நடந்தபடியே சரியா இருக்கா?" என்று கேட்டார்கள். போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் தலையை ஆட்டினேன். அந்தப் பக்கம், "ஹலோ? ஹலோ?" என்றார்கள். இன்னும் ஒரு தடவை ஆட்டினேன்.

ஆகவே, ரெஜினா டீச்சரோ சுந்தரி டீச்சரோ அன்றைக்கு அங்கே இருந்த நாற்பது பேரில் யாராவதோ இதைப் படித்தால், தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லுங்கள். மூன்றாக மடித்தது மஞ்சளா, பச்சையா? பேனா விழுந்தது நான் கத்தினதற்கு முன்னாலா, பின்னாலா? என்னைக் கேட்டால் எது கேட்டாலும் ஆமாம் என்பேன். என்னைக் கேட்காதீர்கள்.